பூட்டு விழுந்த ஆட்டம்

பாலையாவுக்குச் செங்கல்வராயன் ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டிப் பேச்சும் இல்லை. எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், குப்பம் ஊருக்குப் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில், தகரக் கொட்டகை வாசலில் நின்று கைநீட்டி வாங்கிய பணம். அதற்குப் பிறகு அவன் சித்தூரில் பாலிஷ் பட்டறை வைத்தான், மூன்று மாடி வீடு கட்டினான், கார் வாங்கினான், மகனை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினான். அந்த ஆயிரத்து இருநூறு மட்டும் பதினேழு வருஷமாக அப்படியே நின்றது. கொடுக்கக் கையில் இல்லாமல் நிற்கவில்லை. வாங்க வேண்டியவன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

ஒருத்தனிடமும் ஒரு பைசா பாக்கி வைக்காதவன் இந்தச் செங்கல்வராயன் என்று அவன் சொல்லாத கல்யாண வீடு சித்தூரில் கிடையாது. சொல்லி முடித்ததும் சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டுவான். கேட்கிறவன் தலையாட்டுவான். பாலையா என்ற பெயர் அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு பொடிக் கல் மாதிரி உருளும். அதற்காகப் பேச்சை நிறுத்துகிற ஆளில்லை அவன்.

சும்மா சொல்லக் கூடாது, பேசுவதற்கு அவனிடம் சரக்கு இருந்தது. பிச்சாட்டூர் அணைக்கு மேற்கே ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், அதற்கு ஐந்து பங்காளிகள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இருபத்தெட்டு வயதில் சம்மட்டி தூக்கக் குவாரிக்குப் போனான். ஆறே வருஷத்தில் மேஸ்திரி. கல்லைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தால், உள்ளே விரிசல் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். தொண்ணூற்றிரண்டில் சர்க்கார் நாட்டுக் கதவெல்லாம் திறந்துவிட்டு வெளிநாட்டு வியாபாரம் கொட்டிய நேரம். ஜப்பான்காரன் ஒருவன் கல்லறைக்குக் கல் வாங்க வந்தான். கூட வந்த இன்ஜினியர் கருவி வைத்துப் பார்த்து, கல் சுத்தம் என்றான். செங்கல்வராயன் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றரை அடியில் கோடு ஓடுகிறது என்றான். அறுத்தார்கள். ஒன்றரை அடியில் கோடு ஓடியது. ஜப்பான்காரன் இடுப்பை வளைத்து மூன்று முறை கும்பிட்டான். படித்தவன் எவனுக்கு அந்தக் கும்பிடு விழுந்தது?

இந்தக் கதையைக் கேட்கத்தான் இப்போது ஆளில்லை. மனைவி அம்சவேணி போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. மகன் யஸ்வந்த் நியூஜெர்சியில். கல் தூசி தன் மூச்சுக்கு ஆகாது என்று அவன் எப்போதோ சொல்லிவிட்டதால், இரண்டாயிரத்து ஒன்றில் பட்டறையையும் விற்றாயிற்று. மூன்று மாடியிலும் தரை முழுக்கச் சொந்தப் பட்டறையில் பாலிஷ் போட்ட கருங்கல். நடந்தால் செருப்புச் சத்தம் மேல் மாடிவரை ஏறிப் போய்த் திரும்பி வரும். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனை உட்கார வைத்துக் காபி கொடுத்து ஜப்பான்காரன் கதையைச் சொன்னான். அடுத்த மாதமும் சொன்னான். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த ஆள் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனான்.

யஸ்வந்த் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மருந்து சாப்பிட்டீங்களா நைனா, மழை பெய்ததா நைனா, வெச்சிடட்டுமா நைனா. போன தடவை வந்தபோது ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, அதில் சதுரங்கம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். செங்கல்வராயன் அதனோடு ஆடினான், திட்டினான், வம்புக்கு இழுத்தான். அது பதில் பேசவில்லை. சில நாள் அதன் ராஜாவை நகர முடியாமல் அவன் அடைத்துவிடுவான். உடனே திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து வரும். ஜெயித்தாய் என்றுதான் போட்டிருப்பான் என்று எடுத்துக்கொண்டு, காலண்டரில் ஒரு கோடு போட்டு வைப்பான். அப்படி நாற்பத்தோரு கோடு சேர்ந்திருந்தது.

அவனுக்குச் சதுரங்கம் வந்தது குவாரியில். கோலார் பக்கத்துக் கன்னடக்காரன் ஒருவன், கிரேன் ஓட்டுகிறவன், சொல்லிக் கொடுத்தது. விலைக்கு ஆகாது என்று ஒதுக்கிய கல் பலகையில் உளியால் அறுபத்து நாலு கட்டம் கீறியவன் பாலையா. சில்லுக் கல்லில் ராஜா, ராணி, யானை, குதிரை என்று காய்களைச் செதுக்கியவனும் அவன்தான். செங்கல்வராயனின் ஊர்தான் அவனுக்கும், ஆனால் ஊருக்கு வெளியே காலனி. பாலையாவின் அப்பன் செங்கல்வராயன் வீட்டு நிலத்தில் களை பிடுங்கியவன். ஊரில் இருந்தவரை இவர்கள் இருவரும் ஒரு வார்த்தை நின்று பேசியதில்லை. குவாரிக் கொட்டகையில் ஒரே குண்டானில் சோறு பொங்கி, ஒரே பாயில் படுத்து எழுந்தார்கள். மாமன் மச்சான் மாதிரி வாடா போடாதான்.

அந்தக் கன்னடக்காரனுக்குத் தெரிந்த சட்டம்தான் குவாரிக்கும் சட்டம். எதிராளியின் ராஜாவைத் தப்ப முடியாத வெட்டு நிலைக்குக் கொண்டுவந்தால் ஜெயம். வெட்டாமலே, போக ஒரு கட்டமும் இல்லாமல் அடைத்துவிட்டால் அது அதைவிடப் பெரிய ஜெயம். அதற்குப் பூட்டு என்று பெயர். பூட்டு வாங்கியவன் கொட்டகை முழுவதுக்கும் ஒரு வாரம் டீ வாங்கித் தர வேண்டும். வெட்டி ஜெயிப்பது கூலிக்காரன் வேலை, பூட்டி ஜெயிப்பது மேஸ்திரி வேலை என்பான் செங்கல்வராயன். குவாரியில் அவன் பூட்டாத ஆளில்லை, பாலையாவைத் தவிர. பாலையாவை அவனால் வெட்டவும் முடிந்ததில்லை.

எண்பத்தாறில் பழைய பாலிஷ் மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. அட்வான்சுக்கு ஆயிரத்து இருநூறு குறைந்தது. பாலையா காலனி வீட்டுக்கு ஓடு போடச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து கொடுத்தான். எப்போது திருப்புவாய் என்று கேட்கவில்லை. அவன் மனைவி கங்கம்மா அந்த வருஷ மழையில் குண்டானும் சட்டியுமாக வீடெல்லாம் ஒழுகலுக்கு ஏனம் வைத்தாளாம்.

இரண்டே வருஷத்தில் செங்கல்வராயன் திருப்பிக் கொடுக்கப் போனான். போன விதம்தான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. செகண்ட் ஹாண்ட் அம்பாசடரில் போய், சாப்பாட்டு நேரத்தில் நாற்பது பேர் கண்ணெதிரில் இறங்கி, பட்டறைப் பெயர் அச்சடித்த கவரை நீட்டி, ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, எண்ணிக்கொள் என்றான். பாலையா கைகழுவிக்கொண்டு நிதானமாக வந்தான்.

"ஆட்டத்துல என்ன ஜெயிச்சிட்டுக் குடு. தோத்தவன் கையால வாங்கி எனக்குப் பழக்கமில்ல."

நாற்பது பேரும் சிரித்தார்கள். உட்கார்ந்து ஆடினார்கள். செங்கல்வராயன் தோற்றான். கவரோடு காரேறினான். அடுத்த ஐந்து வருஷத்தில் ஒன்பது தடவை அதே கவரோடு போய், ஒன்பது தடவை தோற்றுத் திரும்பினான். போகிற சாக்கில் ராத்திரிச் சோறு கொட்டகையில்தான். அம்சவேணி கேலி செய்வாள், கடன் குடுக்கப் போறீங்களா, கருவாட்டுக் கொழம்பு துன்னப் போறீங்களா என்று.

தொண்ணூற்று மூன்றில் வீடு கட்டிப் புகுந்தான். எழுநூறு பேருக்குச் சாப்பாடு. பட்டறை ஆட்களுக்கும் அதே சாப்பாடு, அதே மூன்று இனிப்பு, பின்பக்கத்து ஷெட்டில் பந்தி போட்டான். அந்தக் காலத்தில் எந்த முதலாளி செய்தான்? பாலையாவும் கங்கம்மாவும் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஷெட்டில்தான் இலை விழுந்தது. யார் உட்கார வைத்தது என்று செங்கல்வராயன் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீஸ்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவன் வாசலில் நின்றான். அதற்குப் பிறகு குவாரிக்குப் போனபோது, பாலையா கணக்கு முடித்துக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பத்து வருஷம் போயிற்று. கவர் பீரோவில் கிடந்தது.

இரண்டாயிரத்து மூன்று மார்கழியில், பழைய லாரி டிரைவர் ஒருவன் வழியில் நிறுத்திச் சொன்னான். பாலையா திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாம். வாத்தியார்களோடு சதுரங்கம் ஆடுகிறானாம். வருகிற சனி, ஞாயிறு அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைக்கிறார்களாம், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனியாக. அதில் பாலையாவும் பெயர் கொடுத்திருக்கிறானாம்.

செங்கல்வராயன் அன்றைக்கே திருப்பதிக்குப் போய் ஐம்பது ரூபாய் கட்டிப் பெயர் எழுதினான். பீரோவிலிருந்து கவரை எடுத்தான். ஓரம் மஞ்சளாகியிருந்தது. பழைய நோட்டுகளை எடுத்துவிட்டு, வாங்கிய கணக்குக்குச் சரியாக, பேங்கில் புதிதாக வாங்கிய பன்னிரண்டு நூறு ரூபாய்த் தாள்களை வைத்தான். இந்தத் தடவை ஜெயித்துக் கொடுத்துவிட்டால், கல்யாண வீட்டில் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜமாகிவிடும். வேறு எதற்கும் அவன் போகவில்லை.

மண்டபத்தில் பன்னிரண்டு பெரியவர்கள். பாலையா பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டையில் வந்திருந்தான், டியூட்டியிலிருந்து நேராக வந்தான் போல. தலை முழுக்க வெளுத்து, கண்ணில் சோடா புட்டிக் கண்ணாடி. செங்கல்வராயனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நல்லா கீறீங்களா, மேஸ்திரி?"

நீங்க. வாடா போடா என்றவன் வாயில் அந்த மரியாதையைக் கேட்டதும் செங்கல்வராயனுக்குச் சட்டென்று வாய் வரவில்லை. பிறகு வந்தது. வந்தால் நிற்காது அல்லவா? மூன்று மாடி, அமெரிக்கா, அங்கே யஸ்வந்த் வாங்கிய வீட்டுக்கு எத்தனை அறை, எல்லாம் சொன்னான். பாலையா பள்ளிக்கூடக் கேட்டில் வந்து வழி கேட்கிறவனிடம் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். கடைசியில் தன் சேதியையும் சொன்னான். மகன் பவன்குமாருக்குப் புனேயில் கம்பெனி வேலை. கங்கம்மா முன்னாலேயே மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். இவனுக்குத் திங்கட்கிழமை ரயில். வேலைக்குச் சனியோடு முழுக்கு. ஞாயிறு ஆட்டம் முடிந்தால் திருப்பதியும் முடிந்தது.

அதாவது இன்னும் இரண்டு நாள்.

மொத்தம் நாலு சுற்று. ஒரே புள்ளி எடுத்தவர்களை எதிரெதிரே உட்கார வைப்பார்கள் என்று, போட்டியை நடத்திய கல்பனா என்ற பெண் தெலுங்கில் விளக்கினாள். சனிக்கிழமை செங்கல்வராயன் இரண்டு ஆட்டமும் ஜெயித்தான். பாலையா ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றான். மூன்றாம் சுற்று ஞாயிறு காலையில். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் பாலசுந்தரத்தை எதிர்த்துச் செங்கல்வராயன் நல்ல நிலையில் இருந்தான். பக்கத்து மேஜையில் பாலையா ஜெயிக்கப் போகிறான் என்று எட்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவனுக்கு இரண்டு புள்ளி ஆகும். தான் ஜெயித்தால் மூன்று. செங்கல்வராயன் தன் ராணியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பாலசுந்தரத்தின் குதிரை வாயில் வைத்தான். வேண்டுமென்றேதான் வைத்தான். கோப்பை போகிறதே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு புள்ளியில் நாலு பேர் நின்றார்கள். அதிர்ஷ்டமும் உழைத்தவன் பக்கம்தான் நிற்கும். பலகையில் ஒட்டிய தாளைக் கல்பனா படித்தாள். கடைசிச் சுற்று, ஐந்தாம் மேஜை, செங்கல்வராயன், பாலையா.

உட்கார்ந்தார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஆட்டத்தில் பேசக் கூடாது என்பது சட்டம். செங்கல்வராயன் பேசாமல் ஒரு மணி நேரம் ஒரு மனிதனுக்கு எதிரே உட்கார்ந்திருந்து வருஷக்கணக்காகிவிட்டது. மேஜை சின்னது, முட்டி முட்டியில் இடித்தது. பாலையாவின் மூச்சு கேட்டது. யோசிக்கும்போது அவன் கீழுதட்டைப் பல்லால் இழுத்துப் பிடிப்பான், பழைய பழக்கம், இப்போதும் பிடித்தான். பிளாஸ்டிக் காயைத் தூக்குமுன் கல் காய்க்குக் கொடுக்கிற பலத்தைக் கொடுத்துவிட்டு, லேசாக இருக்கிறதே என்று அதையே ஒரு தடவை பார்த்தான். செங்கல்வராயனும் அதேபோலப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்கள்.

இருபத்திரண்டாவது நகர்த்தலில் பாலையா ராணியைத் தவறான கட்டத்தில் வைத்தான். மூலையில் நின்ற மந்திரி அவன் கண்ணுக்குப் படவில்லை. செங்கல்வராயன் அதை வெட்டி எடுத்தான். பாலையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, காலியான கட்டத்தை உற்றுப் பார்த்தான். அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். யானை போயிற்று, குதிரை போயிற்று. கடைசியில் பாலையாவிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் மிச்சம். அந்தச் சிப்பாய்க்கு நேர் எதிரே செங்கல்வராயனின் சிப்பாய் நின்றதால் அது நகர முடியாது. ராஜா மூலைக்குப் போய்விட்டது. செங்கல்வராயனிடம் ராணி இருந்தது, பக்கத்தில் ராஜாவும் வந்து நின்றது.

பதினேழு வருஷம். அவன் கை நெஞ்சுப் பையிலிருந்த கவரை ஒருமுறை தொட்டது. ராணியை நேராக மேலே கொண்டுபோய்ப் பாலையாவின் ராஜாவை ஒட்டி வைத்தால் செக்மேட், ஆட்டம் முடிந்தது. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது கூலிக்காரன் வேலை. பத்துத் தடவை தோற்றவன் பதினோராவது தடவை சும்மா ஜெயித்தால் போதுமா? ராணியைத் தூக்கி, அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிறுத்தினான். பாலையாவின் ராஜாவுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை, வெட்டும் இல்லை. சிப்பாயும் நகராது. சுத்தமான பூட்டு.

செங்கல்வராயன் எழுந்தே விட்டான்.

"பூட்டு!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. கல்பனா உதட்டில் விரல் வைத்தபடி ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள், கடிகாரத்தை நிறுத்தினாள்.

"தாத்தகாரு, இதி டிரா அண்டி" என்றாள் மெதுவாக.

டிரா என்றால் யாருக்கு ஜெயம் என்று கேட்டான் செங்கல்வராயன். யாருக்கும் இல்லை, சமம் என்றாள். அவன் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சட்டம் பேசினான். குவாரியில் இப்படித்தான், கம்ப்யூட்டரில்கூட நாற்பத்தோரு தடவை ஜெயித்தேன் என்றான். அவள் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியை விரலால் காட்டினாள். இங்கிலீஷ். அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் இரண்டு வார்த்தையை எங்கோ பார்த்ததுபோல இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் வருமே, அதே உருவம். கல்பனா ராணியை எடுத்து ஒரு கட்டம் மேலே தள்ளி வைத்து, இங்கே வைத்திருந்தால் ஜெயம் தாத்தகாரு என்று காட்டிவிட்டு, பழையபடி வைத்தாள். தாளில் ஆளுக்கு அரைப் புள்ளி என்று எழுதினாள்.

பாலையா கையெழுத்துப் போட்டான். செங்கல்வராயனும் போட்டான்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. மண்டபத்துக்கு எதிரே டீக்கடை. மலைக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, இறங்கி வருகிறவர்கள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு சாலையைக் கடந்தார்கள். டீக்குச் செங்கல்வராயன் பணம் நீட்டுமுன் பாலையா சில்லறையைக் கொடுத்துவிட்டான். இருவரும் கடைக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்தார்கள். செங்கல்வராயன் அனிச்சையாக அந்தக் கல்லைக் கைவிரல் மடக்கித் தட்டினான்.

"அந்தச் சட்டம் உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான்.

"தெரியும். பத்து வருசமா வாத்தியாருங்களோட ஆடிக்கினு கீறேன், தெரியாதா? ராணி பூடுச்சுன்னதும் நெனச்சேன், இந்த ஆளு வெட்ட மாட்டான், பூட்டத்தான் வருவான்னு. மூலைக்கா போய் ஒக்காந்துக்கினேன்."

"அடப்பாவி."

"இன்னா பண்றது? தோக்கவும் மனசு வரல. காசும் வேணும்."

செங்கல்வராயன் சிரித்தான். கண்ணில் நீர் வர, பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். இத்தனை நாளில் அப்படிச் சிரிக்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் மனசில் ஒன்று புதிதாக ஓடியது. ஜெயிக்கவில்லை என்றால் கடன் நிற்கிறது. கடன் நின்றால் இன்னொரு ஆட்டம் உண்டு. புனே என்ன சந்திர மண்டலமா? கவரோடு ரயிலேற வேண்டியதுதான். இல்லாவிட்டால் இவனையே போக விடாமல் நிறுத்த வேண்டியதுதான். பேச்சு அவனை மீறி வந்தது. புனேயில் இந்தி பேசுவார்கள், குளிர் அடிக்கும், நாலு சுவருக்குள் என்ன செய்வாய், சித்தூருக்கு வந்துவிடு, மேல் மாடி முழுக்கக் காலி, கங்கம்மாவையும் கூட்டி வா, வாடகை பற்றிப் பேசினால் செருப்பால் அடிப்பேன், காலையில் ஒரு ஆட்டம் சாயங்காலம் ஒரு ஆட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

பாலையா டீயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தான்.

"சோறு எங்க போடுவே? உள்ளயா, ஷெட்டுலயா?"

குரலில் கோபம் இல்லை. பத்து வருஷம் கழித்து வாயில் 'நீ' வந்திருந்தது. அந்த நீயோடு இந்தக் கேள்வியும் வந்திருந்தது. செங்கல்வராயன் வாயைத் திறந்தான். கூட்டம் அதிகம், கலெக்டர் ஆபீஸ்காரர்கள், நான் பார்க்கவில்லை, எல்லாருக்கும் அதே மூன்று இனிப்பு. ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக நாக்குவரை வந்து நின்றன. பட்டறையில் ஒரே ஒரு தட்டில் விரிசல் கேட்ட காது அவனுடையது. அன்றைக்கு அந்தப் பெரிய வாசலில் நின்றவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

பாலையா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். வலது கையை நீட்டி விரித்தான். உளி பிடித்த காய்ப்பு இன்னும் உள்ளங்கையில் மஞ்சளாக இருந்தது.

"குடு" என்றான்.

"ஜெயிக்கலயே பாலையா."

"தோக்கவும் இல்லயே. தோத்தவன் கையால தான வாங்க மாட்டேன்னேன்."

செங்கல்வராயன் கவரை எடுத்தான். பதினைந்து வருஷமாக எத்தனையோ தடவை எடுத்துத் திரும்ப வைத்த கவர். அதை அப்படியே அந்தக் கையில் வைக்கப் போனான். பாலையா தலையசைத்தான், எண்ணிக் கொடு என்று.

"வட்டி?"

"வட்டிக்கா குடுத்தேன்?"

"அரைப் புள்ளின்னுதான எழுதுனா அந்தப் பொண்ணு" என்றான் செங்கல்வராயன், காற்றைப் பார்த்தபடி. "சமம்னா பாதிதான் கணக்கு. பாதி இப்ப, பாதி அப்புறம்."

பாலையாவின் கை விரிந்தபடி இருந்தது.

செங்கல்வராயன் எண்ணத் தொடங்கினான். புது நோட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டியது, கட்டை விரலால் தேய்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு மொட்டைத் தலைக் குடும்பம் குறுக்கே போயிற்று, அது போகிறவரை நின்றான். ஐந்து. ஆறாவது நோட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். அறுநூறு. இப்போது அந்த விரல்கள் மடங்க வேண்டும், அவ்வளவுதான். மடங்கினால் மிச்சம் அறுநூறு அவன் பையில் இருக்கும், அதைச் சாக்கிட்டு எந்த ஊருக்கும் போகலாம். பாலையாவின் முகத்தைப் பார்த்தான். சோடா புட்டிக் கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரிந்தது. என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை.

விரல்கள் மடங்கவில்லை.

ஏழு என்றான் செங்கல்வராயன். எட்டு. ஒன்பதை வைக்கும்போது குரல் இறங்கியது. பத்து. பதினொன்று. கடைசித் தாளைக் கவருக்குள் இரண்டு விரல் விட்டுத் தேடி எடுத்து, நீவி, மற்றவற்றின்மேல் வைத்தான்.

"பன்னண்டு."

பாலையா கையை மூடிக்கொண்டான்.